காலியாகத் தெரியும் ஓடுபாதையில் ஏன் காத்திருக்க வேண்டும்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. சென்னையிலிருந்து கிளம்பும்போது உங்கள் விமானம் ஓடுபாதைக்குப் பக்கம் வரை போய், பத்து நிமிடம் அப்படியே நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஓடுபாதை காலியாகத்தான் இருந்தது. எதற்காக நிறுத்தி வைத்தார்கள்? இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்றால், 2024 ஜனவரியில் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் தரையிலேயே எப்படி மோதிக்கொண்டன? இங்கே அப்படி நடக்குமா?

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் உங்கள் காத்திருப்பு.

ஓடுபாதை காலியா இல்லையா என்பதை அதன் மேல் என்ன நிற்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இறங்க வரும் ஒரு ஏர்பஸ் ஏ320 ஏறக்குறைய மணிக்கு 250, 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதாவது நிமிடத்துக்கு 4 கிலோமீட்டருக்கு மேல். எட்டு கிலோமீட்டர் தள்ளி வரும் விமானம் இரண்டே நிமிடத்தில் ஓடுபாதையில் இருக்கும். பக்கவாட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. கோபுரத்தில் இருப்பவருக்குத் தெரியும். உங்கள் விமானத்தை உள்ளே விட்டு, அது திரும்பி நேராகி, ஓடி மேலே எழும்ப ஆகும் நேரத்தையும், வருகிற விமானத்துக்கு மிச்சம் இருக்கும் தூரத்தையும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். கணக்கு இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிடுவார்.

இன்னொரு காரணம் காற்றுச் சுழல். பெரிய விமானம் ஒன்று கிளம்பினால் அதன் இறக்கை நுனிகளிலிருந்து இரண்டு சுழல்கள் பின்னால் நீண்டு, கீழே இறங்கிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பின்னால் வரும் சின்ன விமானத்தைச் சாய்த்துவிடக்கூடிய பலம் அதற்கு உண்டு. அதனால் போயிங் 777 போன்ற கனமான விமானம் போன பிறகு, ஏ320 போன்ற நடுத்தர விமானம் பொதுவாக 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த 2 நிமிடமும் ஓடுபாதை காலியாகத்தான் தெரியும்.

சென்னைக்கே உரிய காரணமும் ஒன்று உண்டு. மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். முதன்மையானது 07/25. மற்றது 12/30, அடையாற்றுக்கு மேல் பாலம் போட்டு நீட்டியது. (இந்த எண்கள் திசைகாட்டியின் பாகைகள்: 07 என்றால் ஏறத்தாழ 70 பாகை, எதிர்ப்பக்கம் 250.) இவை இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. ஏடிஆர் மாதிரி சின்ன விமானம் ஒன்று குறுக்கு ஓடுபாதையைப் பயன்படுத்தும்போது, முதன்மை ஓடுபாதையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நீங்கள் நின்றாக வேண்டும். டெல்லியில் இருப்பது போல இணையாக ஓடும் பாதைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சரி, நின்ற இடத்துக்கு வருவோம். நீங்கள் நின்றது ஹோல்டிங் பாயின்ட் என்ற இடம். தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் குறுக்கே போகும். இரண்டு முழுக் கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக் கோட்டின் பக்கம் நிற்பவர் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. ஓடுபாதையிலிருந்து வெளியே வருபவர் விட்டுவிட்டுப் போட்ட கோட்டின் பக்கமிருந்து தாராளமாகத் தாண்டி வரலாம், வந்தே ஆக வேண்டும், வால் வரை முழுசாக. பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதை எண் இருக்கும். விமான நிலையத்தில் சிவப்புப் பலகை என்றால் அனுமதி இல்லாமல் அதைத் தாண்டிப் போகக் கூடாது. மஞ்சளும் கறுப்பும் கலந்த பலகைகள் நாம் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போகலாம் என்று மட்டும் சொல்லும். பல இடங்களில் இருபுறமும் மஞ்சள் விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டும். சில இடங்களில் தரையிலேயே குறுக்காகச் சிவப்பு விளக்கு வரிசை பதித்திருப்பார்கள். இதற்கு ஸ்டாப் பார் என்று பெயர். அது எரியும்வரை, கோபுரத்திலிருந்து வாயால் போகச் சொன்னாலும் தாண்டக் கூடாது என்பதே விதி. முதலில் விளக்கை அணைக்க வேண்டும், அப்புறம்தான் நகரலாம்.

பெரிய விமான நிலையங்களில் இந்தக் கோடு ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து குறைந்தது 90 மீட்டர் தள்ளி இருக்கும். விமானப் பயணத்தின் மிக ஆபத்தான எல்லைகளில் ஒன்று அந்த 90 மீட்டர் என்று நான் நினைக்கிறேன். வானத்தில் இரண்டு விமானங்கள் நெருங்கினால் விமானிகளை எச்சரிக்க டிகாஸ் கருவி இருக்கிறது, மேலே கீழே விலக இடம் இருக்கிறது. ஓடுபாதையில் வேகமெடுத்துவிட்ட விமானத்துக்கு அப்படி விலகப் பெரும்பாலும் இடம் கிடையாது.

இந்தத் தொழிலின் மிக மோசமான விபத்து வானத்தில் நடக்கவில்லை. 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் டெனெரிஃப், லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்கள் எல்லாம் இந்தச் சின்ன இடத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. நிறுத்த இடமில்லாமல், ஓடுபாதைக்குப் போய்வரும் வழியான டாக்ஸிவேயையும் அடைத்து நிறுத்தியிருந்தார்கள். அதனால் கிளம்ப வேண்டியவர்கள் ஓடுபாதையிலேயே எதிர்த்திசையில் ஊர்ந்து போய்க் கடைசியில் திரும்ப வேண்டிய நிலை. கேஎல்எம் நிறுவனத்தின் 747 கடைசி வரை போய்த் திரும்பி நின்றது. பான் ஆம் நிறுவனத்தின் 747 அதன் பின்னாலேயே அதே ஓடுபாதையில் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வழியில் விலகச் சொல்லியிருந்தார்கள், அதை அவர்கள் தாண்டிவிட்டார்கள். அதோடு மூடுபனி. கோபுரத்துக்கு இரண்டு விமானங்களும் தெரியவில்லை, அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியவில்லை. தரையில் விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் தரை ரேடாரும் இல்லை.

கேஎல்எம் கேப்டன் அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தருகிற மூத்த மனிதர். பணி நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது, சீக்கிரம் கிளம்ப வேண்டும். கோபுரம் அவருக்கு வானத்தில் எந்த வழியில் போக வேண்டும் என்ற அனுமதியை மட்டும் கொடுத்தது. அந்த வாசகத்திலேயே ‘டேக்ஆஃபுக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பு’ என்று வந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, கடைசியில் ‘இப்போது டேக்ஆஃபில் இருக்கிறோம்’ என்று சேர்த்தார். விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. கோபுரம் அதை ‘கிளம்பத் தயாராக நிற்கிறோம்’ என்று எடுத்துக்கொண்டு ‘ஓகே’ என்றது, பிறகு ‘காத்திருங்கள், கூப்பிடுகிறேன்’ என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானமும் ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பேசியது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒரு கீச்சுச் சத்தம்தான் கேட்கும். கேஎல்எம் காக்பிட்டில் ‘ஓகே’ மட்டும் தெளிவாக விழுந்தது. ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்தது. அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். இன்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

இன்று உலகம் முழுவதும் கோபுரமும் விமானியும் பேசுகிற முறையின் முக்கியமான பகுதிகள் அந்த ஒரு நாளின் மேல் கட்டப்பட்டவை. ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லை, உண்மையில் கிளம்பச் சொல்லும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்தலாம். வேறு எதற்கும் ‘டிபார்ச்சர்’தான். ஓடுபாதைக்குள் நுழைவது, கடப்பது, அதில் இறங்குவது, கிளம்புவது, அதற்கு வெளியே நிற்பது ஆகிய ஒவ்வொன்றையும் விமானி தன் அழைப்புப் பெயரோடு முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ரோஜர்’ (கேட்டுக்கொண்டேன்) என்று முடித்தால் செல்லாது. கோபுரத்தில் இருப்பவர் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். உள்ளே போய் நிற்க மட்டும் அனுமதி என்றால் ‘லைன் அப் அண்ட் வெயிட்’. வெளியே நிற்க ‘ஹோல்ட் ஷார்ட்’. இந்தச் சொற்களை அழகுக்காகவோ அவசரத்துக்காகவோ மாற்றக் கூடாது. சென்னைக் கோபுரத்தின் ஆளும் கொரிய விமானியும் முகம் பார்க்காமல் பேசிக்கொள்கிறார்கள். சொல் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு பேருக்கும் பொருளும் ஒன்றாக இருக்கும்.

அப்படியென்றால் ஹனேடாவில் என்ன ஆயிற்று? என்னை மிகவும் யோசிக்க வைத்த விபத்து அது. ஏனென்றால் அங்கே திருப்பிச் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் பெரிய நிலநடுக்கம். மறுநாள் மாலை, ஜப்பான் கடலோரக் காவல் படையின் டேஷ் 8 விமானம் நிவாரணப் பொருட்களோடு நிகாட்டா போகத் தயாரானது. உள்ளே 6 பேர். கோபுரம் சொன்னது, ‘நம்பர் ஒன், ஹோல்டிங் பாயின்ட் சி5 வரை வரவும்.’ அதாவது கிளம்பும் வரிசையில் நீ முதலாவது, சி5 கோட்டில் வந்து நில். விமானத்திலிருந்து சி5 வரை வருகிறோம், நம்பர் ஒன், நன்றி என்று பதில் வந்தது. சொல்லில் பிழை இல்லை. ஆனால் ஓடுபாதைக்குள் போக அனுமதி கிடைத்துவிட்டதாகவே கேப்டன் புரிந்துகொண்டார். விமானம் கோட்டைத் தாண்டி உள்ளே போய், ஏறத்தாழ 40 நொடிகள் அங்கேயே நின்றது. சப்போரோவிலிருந்து வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, இறங்கும் அனுமதியோடு, 379 பேரோடு அதன் மேல் மோதியது. சின்ன விமானத்தில் கேப்டனைத் தவிர 5 பேரும் இறந்தார்கள். ஏ350-இல் இருந்த அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

எத்தனை தடுப்புகள் அந்த 40 நொடியில் இருந்தன, எப்படி ஒவ்வொன்றும் வேலை செய்யாமல் போயிற்று என்று பாருங்கள். சி5-இன் ஸ்டாப் பார் விளக்குகள் பராமரிப்புக்காக அணைக்கப்பட்டிருந்தன. பார்வை நன்றாக இருக்கிற இரவில் அவற்றை எரிப்பது அங்கே வழக்கமும் இல்லை. கட்டுப்பாட்டாளரின் திரையில், ஓடுபாதையில் யாரோ இருக்கிறார்கள் என்று நிறம் மாறி எச்சரிக்கை ஒரு நிமிடத்துக்கு மேல் தெரிந்தது. அதற்கு ஒலி கிடையாது. அவர் மற்ற விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. இறங்கி வந்த விமானிகளும் பார்க்கவில்லை. ஓடுபாதை முழுக்க விளக்கு வரிசைகள் எரியும் இரவில், பின்பக்கமிருந்து பார்த்தால் ஒரு சின்ன விமானத்தின் விளக்குகள் அவற்றோடு கலந்துவிடும். ஜப்பானின் விசாரணை அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையும் இந்த மூன்றையும்தான் சொன்னது: ஒருவர் அனுமதி கிடைத்ததாக நம்பினார், ஒருவர் உள்ளே நுழைந்ததை அறியவில்லை, ஒருவர் எதிரே இருந்ததைக் காணவில்லை.

அந்த மூவரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, அலட்சியமாகவும் இல்லை. மூவரும் தங்களுக்குத் தெரிந்த நிலைமை சரி என்று உறுதியாக இருந்தார்கள். ஓடுபாதை விபத்துகளைப் படிக்கப் படிக்க எனக்கு மிஞ்சியது இதுதான். மனிதன் தான் எதிர்பார்ப்பதைத்தான் கேட்கிறான், தான் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கிறான். நம் நடைமுறைகளில் உருப்படியானவை எல்லாம் அந்த உறுதியை நடுவில் ஒருமுறை உடைத்துப் பார்ப்பதற்காக இருப்பவை. விபத்துக்குப் பிறகு ஜப்பானில் ‘நம்பர் ஒன்’ என்று வரிசை சொல்வதை உடனே நிறுத்திவைத்தார்கள். ஓடுபாதைத் திரையை மட்டுமே பார்ப்பதற்கென்று தனியாக ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். இரண்டும் சரியான இடத்தில் கை வைத்த மாற்றங்கள்.

எதிர்பார்ப்பதையே பார்ப்பதற்கு இன்னொரு உதாரணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 ஒன்று 2000 அக்டோபர் 31 இரவு, சூறாவளி மழையில், தைபேயில் கட்டுமான வேலைக்காக மூடப்பட்டிருந்த பக்கத்து ஓடுபாதையில் கிளம்பி இயந்திரங்களின் மேல் மோதியது. 83 பேர் இறந்தார்கள். சரியான ஓடுபாதையோடு விமானம் சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவி காக்பிட்டில் இருந்தது. அது சேர்ந்ததாகக் காட்டவில்லை. கண்ணெதிரே விளக்கு எரிகிற ஓடுபாதை இருந்தது, அதையே நம்பினார்கள். இணையான இரண்டு ஓடுபாதைகளுக்குத் திசை ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான், இடம் வலம் என்ற எழுத்து மட்டும் வேறு. இன்று ஓடுபாதைக்குள் நுழையும்போது இரண்டு விமானிகளும் பலகையைப் பார்த்து எண்ணையும் எழுத்தையும் உரக்கச் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

கோபுரத்தில் இருப்பவரின் எதிரி மறதி. 1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ். கட்டுப்பாட்டாளர் ஒரு சின்ன ஸ்கைவெஸ்ட் விமானத்தை ஓடுபாதைக்குள் போய் நிற்கச் சொன்னார். நடுவில் வேறொரு விமானத்தோடு தொடர்பு கிடைக்காமல் இழுபறி. இருட்டு, விளக்குகளின் கூச்சத்தில் அந்த இடம் கோபுரத்திலிருந்து சரியாகத் தெரியாது. அதே ஓடுபாதையில் யுஎஸ்ஏர் 737-க்கு இறங்க அனுமதி கொடுத்துவிட்டார். 35 பேர் இறந்தார்கள். அமெரிக்க விசாரணை வாரியம் இதை ஒரு பெண்ணின் மறதி என்று முடித்துவிடவில்லை. ஒருவர் மறந்தால் தாங்கிப் பிடிக்க வேறு எந்த ஏற்பாடும் அந்தக் கோபுரத்தில் இல்லாததைத்தான் முதலில் வைத்தது. அது நியாயமான முடிவு என்று நான் நினைக்கிறேன். ஒரு ஷிஃப்டில் யாரும் எதையும் மறக்கவே மாட்டார்கள் என்று நம்பி ஒரு விமான நிலையத்தை நடத்த முடியாது.

கோபுரங்களில் நினைவுக்கு உதவியாக இருப்பவை பெரும்பாலும் எளிமையானவை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளமான பட்டை, ஸ்ட்ரிப் என்போம். பல இடங்களில் இப்போது அது திரையில் வந்துவிட்டது. ஓடுபாதைக்கென்று பலகையில் ஓர் இடம். விமானத்தை உள்ளே அனுப்பினால் பட்டையை அந்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். ஓடுபாதையைப் பரிசோதிக்க ஜீப் உள்ளே போனால் சிவப்பில் எழுதிய ஒரு பட்டையை அங்கே குறுக்கே வைத்துவிடுவார்கள். இறங்கும் அனுமதி கொடுக்க வாய் திறக்கும் முன் கண் அந்த இடத்துக்குப் போக வேண்டும், பிறகு ஜன்னல் வழியாக ஓடுபாதையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போக வேண்டும். நல்ல கட்டுப்பாட்டாளர்கள் காலியாக இருப்பது தெரிந்தாலும் பார்ப்பார்கள். தெரிந்ததால் பார்க்காமல் விட்ட நாட்கள்தான் விசாரணை அறிக்கைகளில் வருகின்றன.

ஜீப்பைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஓடுபாதை விமானங்களுக்கு மட்டுமானதில்லை. பறவை விரட்டும் வண்டி, விளக்கு சரிபார்ப்பவர்கள், தீயணைப்பு வண்டி, புல் வெட்டுபவர்கள் எல்லாரும் அனுமதி பெற்று உள்ளே வருவார்கள். அவர்களுக்கும் தனி ஓட்டுநர் அனுமதிச் சீட்டு, வானொலிப் பயிற்சி, அதே திருப்பிச் சொல்லும் விதி. ஓடுபாதையில் கிடக்கும் ஒரு துண்டு உலோகம் என்ன செய்யும் என்பதற்கு 2000 ஜூலையில் பாரிஸில் விழுந்த கான்கார்டு போதும். முன்னால் போன விமானத்திலிருந்து விழுந்த உலோகப் பட்டை டயரைக் கிழித்தது. 113 உயிர்கள் போயின.

பனிமூட்டம் என்றால் எல்லாமே மாறும். பார்வை ஓர் அளவுக்குக் கீழே போனால், தனி நடைமுறைகள் அமலுக்கு வரும். விமானங்களுக்கு இடையே இடைவெளி கூடும், நிற்கும் கோடு சில இடங்களில் இன்னும் பின்னால் போகும், ஸ்டாப் பார் கட்டாயம் எரியும், ஊர்ந்து போகும் விமானங்களின் எண்ணிக்கை குறையும். குளிர்காலத்தில் டெல்லி விமானங்கள் தாமதமாவதற்குப் பாதிக் காரணம் இதுதான். 2001 அக்டோபர் 8, மிலனின் லினாட்டே விமான நிலையத்தில் பனிமூட்டத்தில் வழி தவறிய ஒரு சின்ன செஸ்னா ஜெட், ஓடுபாதையில் வேகமெடுத்து வந்த எஸ்ஏஎஸ் நிறுவன விமானத்தின் குறுக்கே போனது. 118 பேர் இறந்தார்கள். அங்கே தரை ரேடார் இயங்கவில்லை, தரைக் குறிகளும் பலகைகளும் மோசம். எஸ்4 என்ற குறி இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன் என்று செஸ்னா விமானி சொன்னார். அப்படி ஒரு குறி இருப்பதே கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது. எங்கே இருக்கிறாய் என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இங்கே நடக்குமா என்று கேட்டீர்கள். இரண்டு முறையாவது கிட்டத்தட்ட வந்துவிட்டுப் போயிருக்கிறது. 2023 ஆகஸ்டில் டெல்லியில் ஒரு விஸ்தாரா விமானத்துக்குக் கிளம்ப அனுமதி கொடுத்த நேரத்தில், அகமதாபாத்திலிருந்து வந்து இறங்கிய இன்னொரு விஸ்தாரா விமானத்துக்கு அதே ஓடுபாதையைக் கடக்கவும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். கடக்கப் போன விமானத்தின் கேப்டன், ஒரு பெண், அதைக் கவனித்துக் கோபுரத்துக்குச் சொன்னார். கிளம்பிய விமானத்தை நிறுத்தினார்கள். 2024 ஜூன் 8 அன்று மும்பையில், ஏர் இந்தியா விமானம் கிளம்பி எழும்பும் நேரத்தில் அதே ஓடுபாதையில் இண்டிகோ விமானம் பின்னால் இறங்கியது. காணொளி நாடெங்கும் பரவியது. கட்டுப்பாட்டாளரைப் பணியிலிருந்து விலக்கி வைத்து, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ விசாரித்தது.

டெல்லி சம்பவத்தில் அந்தக் கேப்டன் செய்ததை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். கோபுரம் கடக்கச் சொல்லியிருக்கிறது. சொன்னபடி செய்தால் அவர் மேல் குற்றமே இல்லை. இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், கேள்வி கேட்டார். டெனெரிஃபில் ஃப்ளைட் இன்ஜினியர் இரண்டாவது முறை கேட்காமல் விட்டதை இங்கே ஒருவர் கேட்டார். நம் ஊர் அலுவலகங்களில் பெரியவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்திருக்கிறோம். காக்பிட்டிலும் கோபுரத்திலும் அந்தப் பழக்கத்தைத் தகர்ப்பதற்கென்றே பயிற்சி இருக்கிறது. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கி இன்று எல்லா விமான நிறுவனங்களிலும் அது கட்டாயம். துணை விமானிக்குச் சந்தேகம் வந்தால் சொல்ல வேண்டும், கேப்டன் கேட்காவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும், அதன் பிறகும் கேட்காவிட்டால் தானே செயல்பட வேண்டும்.

இன்னொன்று கோ-அரவுண்ட். இறங்க வந்த விமானம் கடைசி நேரத்தில் மறுபடி மேலே எழும்பினால் உள்ளே பயணிகள் பயந்துபோகிறார்கள், மறுநாள் ‘நூலிழையில் தப்பிய விமானம்’ என்று செய்தி வருகிறது. உண்மையில் அது விமானிகள் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகும் சாதாரணச் செயல். 2023 பிப்ரவரியில் டெக்சஸின் ஆஸ்டினில் பனிமூட்டத்தில் இறங்கிவந்த ஃபெடெக்ஸ் 767, கீழே கிளம்பிக்கொண்டிருந்த சவுத்வெஸ்ட் 737-ஐக் கண்டதும் மேலே ஏறியது. இரண்டுக்கும் இடையே 200 அடிக்கும் குறைவான இடைவெளி. அங்கே தரை ரேடார் கிடையாது. கோபுரத்தின் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. அன்று அத்தனை பேரையும் காப்பாற்றியது ஒரு கோ-அரவுண்ட். ஃபெங்கல் புயல் அன்று, 2024 நவம்பர் 30, சென்னையில் தரையைத் தொடும் நேரத்தில் ஒரு இண்டிகோ விமானம் காற்றில் சாய்ந்து மேலே எழும்பிய காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் காற்றில் இறங்க முயன்றது பற்றி விவாதிக்கலாம், ஆனால் எழும்பியது சரி.

கருவிகள் விஷயத்தில் ஒரு கருத்து. தரை ரேடார், ஒவ்வொரு விமானத்தின் இடத்தையும் திரையில் காட்டும் ஏற்பாடு, ஓடுபாதையில் ஆள் இருந்தால் தானாகவே சிவப்பாக எரியும் தரை விளக்குகள் எல்லாம் வந்துவிட்டன, இன்னும் அதிகமாக வர வேண்டும். ஆனால் ஹனேடாவிலும் கருவி எச்சரித்தது. யார் கவனத்தையும் இழுக்காத எச்சரிக்கை அது. கருவி வாங்குவதோடு, அந்தத் திரையைப் பார்க்கப் போதுமான ஆட்களை, போதுமான தூக்கத்தோடு உட்கார வைப்பதற்கும் செலவு செய்ய வேண்டும். நம் நாட்டில் விமானங்கள் கூடும் வேகத்துக்குக் கட்டுப்பாட்டாளர்களின் எண்ணிக்கை கூடவில்லை என்பது என் கவலை. அதோடு, தவறு நடந்ததும் ஆளை விலக்கிவைப்பது மட்டும் பதில் ஆகிவிட்டால், விபத்தில் முடியாத தவறுகளை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அவைதான் அடுத்த விபத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்பவை.

விமான நிலையத்தைச் சுற்றி இருப்பவர்கள் பங்கும் இதில் உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், பறவைகள் கூடும்படி குப்பை கொட்டுவதும் திறந்தவெளியில் இறைச்சி வெட்டுவதும் விமான விதிகளில் தடை செய்யப்பட்டவை. பல்லாவரம், பம்மல், மணப்பாக்கம் பக்கம் இருக்கும் யாருக்கும் அந்தத் தடையின் நிலை தெரியும். இறங்கும் விமானத்தின் மேல் லேசர் ஒளி அடிப்பது இன்னும் மோசம். இருட்டுக்குப் பழகிய விமானியின் கண் சில நொடிகள் ஒன்றும் தெரியாமல் போகும், அதுவும் மஞ்சள் கோட்டையும் சிவப்புப் பலகையையும் தேட வேண்டிய நேரத்தில். போகி அன்று அதிகாலையில் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்தால், மார்கழிப் பனியோடு புகை சேர்ந்து ஓடுபாதையே மறைந்து, விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்ட வருடங்கள் இருக்கின்றன.

கடைசியாக, உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு. ஹனேடாவில் 379 பேர் பிழைத்தது தற்செயலாக நடந்ததில்லை. அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாஃபோனிலும் வெறும் குரலிலும் சொன்னார்கள். எட்டு வாசல்களில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. எந்தப் பக்கம் தீ இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார்கள். பயணிகள் பெட்டியை எடுக்கவில்லை. இறங்கி 18 நிமிடத்தில், கடைசி ஆளாகக் கேப்டன் வெளியே வந்தார். கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் திரையைத் திறக்கச் சொல்வது, உள் விளக்கைக் குறைப்பது, இருக்கையை நிமிர்த்தச் சொல்வது எல்லாம் இந்த 18 நிமிடத்துக்காகத்தான். வெளியே தீ தெரிய வேண்டும், கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும், பக்கத்து ஆள் தடுக்காமல் எழுந்து ஓட முடிய வேண்டும்.

நம்மவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பழக்கம், சக்கரம் தரையைத் தொட்டதும் பெல்ட்டைக் கழற்றி எழுந்து மேலே இருக்கும் பெட்டியை இழுப்பது. விமானம் அப்போது இன்னொரு ஓடுபாதையைக் கடக்கப் போய்க்கொண்டிருக்கலாம். குறுக்கே ஏதாவது வந்தால் கேப்டன் முழுப் பலத்தோடு பிரேக் பிடிப்பார், பிடித்தே ஆக வேண்டும். நின்றுகொண்டிருப்பவர் முன்னால் போய் விழுவார், பாதி இழுத்த பெட்டி யார் தலையிலாவது விழும். சில கேப்டன்கள் பின்னால் ஆட்கள் நிற்பதாக அறிவிப்பு கேட்டால் விமானத்தை டாக்ஸிவேயிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். பெல்ட் விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருங்கள், பக்கத்தில் எழுபவரையும் உட்காரச் சொல்லுங்கள்.